டார்ச்சுக்கு 18650 செல்: பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் பார்த்து வாங்குங்க

18650 என்பது திரும்பத் திரும்ப சார்ஜ் செய்யும் லித்தியம்-அயன் செல். ‘9900 எம்.ஏ.எச்’ (செல்லின் கொள்ளளவு) என்று அச்சடித்த செல்லைக் கடைக்காரர் நீட்டினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். 18 மி.மீ. விட்டம், 65 மி.மீ. நீளம் உள்ள உருளையில் நல்ல கம்பெனி செல்லே 3500-ஐ ஒட்டித்தான் நிற்கும். எடை 45 கிராமுக்கு மேல் இருக்க வேண்டும். 30 கிராம்தான் என்றால் டூப்ளிகேட்.

அடுத்தது ஆம்பியர். டர்போவில் (அதிகபட்ச வெளிச்சத்தில்) டார்ச் 10 ஆம்பியர் இழுத்தால், செல் அதைத் தொடர்ச்சியாகத் தரவேண்டும். சில வினாடிகள் மட்டும் தரும் ‘பல்ஸ்’ கணக்கு வெறும் விளம்பரம். பாதுகாப்பு சர்க்யூட் உள்ள செல் நல்லதுதான். ஆனால் 69, 70 மி.மீ. நீளம் வரும், சில டார்ச்சில் மூடி மூடாது. சர்க்யூட்டின் ஆம்பியர் வரம்பு குறைவாக இருந்தால் டர்போ போட்டதும் விளக்கு அணையும்.

இரண்டு செல்லை வரிசையாகப் போடும் டார்ச்சில்தான் உண்மையான ஆபத்து. புதுசையும் பழசையும் கலந்தால், பலவீனமானது முதலில் காலியாகும். மற்றது அதன் வழியே மின்சாரத்தைத் தள்ளிக்கொண்டே இருக்க, துருவம் தலைகீழாகிச் சூடேறும். வாயு வெளியேற வழியில்லாத அலுமினியக் குழாய் வெடிக்கலாம். ஒரே மாடல், ஒரே நாளில் வாங்கியது, மீட்டரில் ஒரே வோல்டேஜ் என்று பார்த்துப் போடுங்கள். பழைய லேப்டாப்பில் உருவிய செல் மலிவு, வேண்டவே வேண்டாம்.

சார்ஜர் 4.2 வோல்ட்டில் நிற்க வேண்டும். 2.5 வோல்ட்டுக்குக் கீழே போன செல்லை மறுபடி சார்ஜ் ஏற்றாமல் இ-வேஸ்ட்டில் போடுங்கள். பாசிட்டிவ் முனையருகே உறை கிழிந்த செல்லும் ஷார்ட் ஆகும், ஏனென்றால் முழு உடம்பும் நெகட்டிவ்.