பிரித்த எஞ்சினில் பழைய பேரிங்கையே திரும்பப் போடலாமா? வழக்கமாக நடக்கும் தவறுகள்

புதுச்சேரி, கடலூர் பக்கம் இன்னும் அம்பாசிடரும் பத்மினியும் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அப்பா ஓட்டிய வண்டி, விற்க மனசு வராது. அப்படி ஒரு வண்டியின் எஞ்சினை இறக்கி, அடியில் ஆயில் நிற்கும் தொட்டியான சம்பைக் கழற்றியதும் வரும் முதல் கேள்வி, "பேரிங் பார்க்க நல்லாத்தானே இருக்கு, இதையே போட்டுடலாமா?" என்பதுதான். இதற்கு நின்ற இடத்திலேயே ஆமாம் என்றோ கூடாது என்றோ சொல்லிவிடுவதுதான் முதல் தவறு. பேரிங்குக்குள் சுழலும் தண்டான கிராங்கை அளக்காமல் பேரிங்கைப் பற்றி முடிவு எடுக்கவே முடியாது. தேய்மானம் இரண்டுக்கும் பொது. கையில் இருக்கும் தகடு அதில் பாதிக் கதையைத்தான் சொல்லும்.

நான் சொல்வது குண்டு உருளும் பேரிங்கை அல்ல. கான்ராடிலும் (பிஸ்டனை கிராங்கோடு இணைக்கும் தண்டு) மெயினிலும் (கிராங்க் பிளாக்கில் உட்காரும் இடம்) இரண்டு அரைவட்டத் தகடாக உட்காரும் ஷெல் பேரிங்கை. முதுகில் எஃகு, அதன்மேல் பெரும்பாலும் செம்பும் ஈயமும் கலந்த ஓர் அடுக்கு, எல்லாவற்றுக்கும் மேலே மிருதுவான ஒரு பூச்சு. அந்தப் பூச்சின் கனம் ஏறத்தாழ 0.025 மில்லிமீட்டர், அதாவது பட்டறைக் கணக்கில் ஒரு தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு). எஞ்சின் ஓடும்போது கிராங்க் ஆயில் படலத்தின் மேல்தான் மிதக்கிறது, உலோகம் உலோகத்தைத் தொடுவதில்லை. ஸ்டார்ட் செய்யும் அந்தச் சில நொடிகளிலும், ஆயிலில் தூசி வரும்போதும்தான் தேய்மானம் அதிகம்.

நிறத்தை மட்டும் பார்ப்பது

பளபளப்பாக இருந்தால் நல்லது, மங்கினால் போயிற்று என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் ஒழுங்காக ஓடிய பேரிங் ஒரே சீராக மங்கிய சாம்பல் நிறத்தில்தான் இருக்கும். ஓரிடத்தில் மட்டும் கண்ணாடிபோல் மின்னினால் அங்கே தொட்டு ஓடியிருக்கிறது என்று பொருள். செம்பு நிறம் திட்டுத்திட்டாகத் தெரிந்தால் மேல்பூச்சு போய்விட்டது. ஆனால் அலுமினியமும் தகரமும் கலந்த பேரிங்கும் உண்டு. அதில் செம்பே இல்லை, எவ்வளவு தேய்ந்தாலும் சாம்பல் நிறம்தான். "செம்பு தெரியல, அப்ப ஓகே" என்ற கணக்கு அங்கே செல்லாது.

கண்ணைவிட நகம் நம்பகமானது. ஷெல்லைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு நகத்தைக் குறுக்கே இழுங்கள். கோடு நகத்தில் தட்டினால் அந்த ஷெல் வேண்டாம். ஏரி மண் வெடித்ததுபோல் விரிசல் ஓடியிருந்தாலோ, பொருக்கு உதிர்ந்திருந்தாலோ அளந்து பார்க்கும் வேலையே இல்லை, தூக்கிப் போடுங்கள்.

எந்தப் பாதியைப் பார்க்கிறோம் என்பதும் முக்கியம். கான்ராடில் மேல் ஷெல்தான் வெடிப்பின் அடியை வாங்குகிறது. மெயினில் கீழ் ஷெல். கேப்பில், அதாவது போல்ட் போட்டு இறுக்கும் அரைவட்ட மூடியில், இருக்கும் ஷெல்லை மட்டும் கழற்றிப் பார்த்துவிட்டு கான்ராட் பேரிங் நன்றாக இருக்கிறது என்று சொன்னால், சுமை தாங்காத பாதியைப் பார்த்திருக்கிறோம்.

ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் பேரிங்கைக் குறை சொல்லாதீர்கள். கான்ராட் வளைந்திருக்கலாம், ஜர்னல், அதாவது கிராங்கில் பேரிங்குக்குள் சுழலும் பகுதி, சரிவாகத் தேய்ந்திருக்கலாம். நம் பகுதியில் இதற்குத் தனிக் காரணம் ஒன்று உண்டு. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது, அடுத்த நாட்களில் தென்பெண்ணை பெருகி கடலூருக்குள் வந்தது. அந்த மாதிரித் தண்ணீரில் நின்ற வண்டியை அப்படியே செல்ஃப் அடித்திருந்தால், சிலிண்டருக்குள் புகுந்த தண்ணீர் அமுங்காது, கான்ராட்தான் வளையும். சம்புக்குள் தண்ணீர் போய் நாள்கணக்கில் நின்றிருந்தால் ஜர்னலில் துருப்புள்ளி விழுந்திருக்கும். ஆயிலை மட்டும் மாற்றி ஓட்டிய வண்டி என்றால், எஞ்சின் பிரிந்திருக்கும் இந்த நேரத்திலாவது கான்ராட் நேராக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். துருவை எமரி ஷீட்டால் கையில் தேய்த்து எடுத்துவிட்டுப் பழைய பேரிங்கைப் போடுவது பெரிய தவறு. குழி அப்படியே இருக்கும், ஜர்னலின் வட்டமும் கெடும்.

அளக்காமல் விடுவது

ஜர்னல் ஒவ்வொன்றையும் மைக்ரோமீட்டரில் இரண்டு இடத்தில், ஒவ்வோர் இடத்திலும் குறுக்கும் நெடுக்கும் அளக்க வேண்டும். லேத் பட்டறையில் "நல்லா இருக்கு" என்று சொன்னால் போதாது, எண்களைத் தாளில் எழுதி வாங்குங்கள். ஓர் அளவுக்கும் இன்னொன்றுக்கும் ஒரு தௌவுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் பொதுவாக ஜர்னலைக் கடைந்து சீராக்கும் கிரைண்டிங் தேவை. அங்கே புது பேரிங் போட்டாலும் சத்தம் திரும்ப வரும்.

அப்புறம் ஜர்னலுக்கும் ஷெல்லுக்கும் நடுவே உள்ள இடைவெளி. பழைய அம்பாசிடரின் 1489 சிசி பெட்ரோல் எஞ்சினில் மெயின் ஜர்னல் ஏறத்தாழ 2 அங்குலம். அந்த அளவு ஜர்னலுக்கு ஒன்றரை முதல் இரண்டரை தௌ வரை இடைவெளி இருப்பது வழக்கம், உங்கள் எஞ்சினின் மேனுவல் சொல்வதே இறுதி. இதை வீட்டிலேயே பார்க்க பிளாஸ்டிகேஜ் என்ற மெல்லிய மெழுகு நூல் கிடைக்கிறது. ஆயிலைத் துடைத்த ஜர்னலின் மேல் நீளவாக்கில் ஒரு துண்டு வைத்து, கேப்பை டார்க் ரெஞ்சில் சரியான அளவுக்கு இறுக்கி, திரும்பக் கழற்றினால் நூல் நசுங்கிப் பட்டையாகியிருக்கும். உறையில் அச்சிட்ட அளவோடு அந்த அகலத்தை ஒப்பிட வேண்டும். இடையில் கிராங்கைத் துளியும் சுற்றக் கூடாது, சுற்றினால் நூல் இழுபட்டுப் பொய் சொல்லும். கோழிமுட்டையாகத் தேய்ந்த ஜர்னலிலும் இது ஏமாற்றும். அதனால்தான் மைக்ரோமீட்டர் முதலில்.

முதுகுக்குத் தாள் வைப்பது, கேப்பை ராவுவது

இதை மட்டும் யார் சொன்னாலும் கேட்காதீர்கள். இடைவெளி அதிகமாகிவிட்டது என்று ஷெல்லின் பின்னால் சிகரெட் பெட்டித் தாளோ தகரமோ வைப்பார்கள். இல்லையென்றால் கேப்பை அரத்தால் ராவி இறுக்கிவிடுவார்கள். ஷெல் தன் இருக்கையில் முழுமுதுகும் ஒட்டி உட்கார்ந்தால்தான் சூடு பிளாக்குக்குக் கடக்கும். அதற்காகவே ஷெல்லின் நுனி மயிரிழை உயரமாகச் செய்யப்பட்டிருக்கிறது, கேப் இறுகும்போது அந்த அழுத்தமே அதைச் சுழலாமல் பிடிக்கிறது. தாள் வைத்தால் சூடு தேங்கும், ஷெல் நகரும், ஆயில் ஓட்டை மூடும். ராவிய கேப் வட்டத்தை இழந்துவிடும், பிறகு பேரிங் இருக்கைகளை ஒரே நேர்கோட்டில் திரும்பக் கடையும் லைன் போரிங் செய்தால்தான் மீளும். சில நூறு ரூபாயை மிச்சம் பிடிக்கப் போய் பிளாக்கையே இழப்பது நியாயமா?

கான்ராட் பேரிங்கை மட்டும் மாற்றுவது

தட்டுவது கான்ராட், அதனால் அதை மட்டும் மாற்றலாம் என்பார்கள். ஆயில் முதலில் மெயினுக்கு வந்து, கிராங்குக்குள் இருக்கும் துளை வழியாகத்தான் கான்ராடுக்குப் போகிறது. மெயின் தேய்ந்திருந்தால் ஆயில் அங்கேயே கசிந்துவிடும், புது கான்ராட் பேரிங் பட்டினி கிடக்கும். மெயினையும் அளந்த பிறகு முடிவு செய்யுங்கள். கிராங்க் முன்னும் பின்னும் நகராமல் பிடிக்கும் த்ரஸ்ட் வாஷரையும் மறக்க வேண்டாம்: அதன் ஆயில் கோடு கிராங்கைப் பார்த்து இருக்க வேண்டும், பிளாக்கைப் பார்த்து அல்ல.

சரி, பழையதையே போடுவது எப்போது நியாயம்? எஞ்சினை வேறு காரணத்துக்காகப் பிரித்திருக்கிறீர்கள், சூட்டில் ஆயில் பிரஷர் நன்றாக இருந்தது, ஜர்னல் வட்டமாக இருக்கிறது, இடைவெளி அளவுக்குள், ஷெல் சீராக மங்கியிருக்கிறது. அப்போது தாராளமாகப் போடுங்கள். பெயர் தெரியாத பெட்டியில் வரும் புது ஷெல்லைவிட, அதே ஜர்னலோடு பழகிய அசல் ஷெல் மேல். ஆனால் அது வந்த இடத்துக்கே திரும்பப் போக வேண்டும், இடம் மாறக் கூடாது. முதுகில் மார்க்கரால் எண் எழுதிவிடுங்கள், பஞ்ச் அடிக்க வேண்டாம். சந்தேகம் வந்தால் புதுசுதான். எஞ்சினை இறக்கி ஏற்றும் கூலியே பேரிங் விலையைத் தாண்டும்.

புதுசு என்று முடிவானால் பழைய ஷெல்லின் முதுகைப் படியுங்கள். 010, 020 என்று அச்சு இருந்தால் கிராங்க் ஏற்கெனவே பத்து அல்லது இருபது தௌ கிரைண்டிங் ஆனது. அடுத்த அளவு ஷெல் கைக்கு வந்த பிறகே கிராங்கைப் பட்டறைக்கு அனுப்புங்கள். முதலில் கடைந்துவிட்டு ஷெல் தேடி அலைபவர்கள் ஏராளம். பட்டறையிலிருந்து வந்ததும் ஆயில் துளைகளை பிரஷ்ஷும் மண்ணெண்ணெயும் விட்டுக் கழுவி, காற்றடித்து ஊதுங்கள். உள்ளே தங்கும் பொடி புது பேரிங்கை முதல் நாளே கீறிவிடும்.

பூட்டும்போது ஷெல்லுக்கு ஆயில் தடவி, பூட்டிய பிறகு ஸ்பார்க் பிளக் இல்லாமல் செல்ஃபில் விட்டுவிட்டுச் சுற்றுங்கள். கேஜில் பிரஷர் ஏறியதைப் பார்த்த பிறகு பிளக்கை மாட்டினால் போதும்.