பெயரை எடுத்துவிட்டால் போதுமா? மருத்துவ ஆய்வுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி பக்கத்துக் கடற்கரை மணலில் மோனசைட் என்ற கனிமம் இருக்கிறது. அதிலுள்ள தோரியம் என்ற கதிரியக்கத் தனிமத்தால் அங்கே இயற்கைக் கதிர்வீச்சு மற்ற இடங்களைவிட அதிகம். அதனால் ரத்தம் எடுக்கவும் நோய் விவரம் கேட்கவும் ஆய்வுக் குழுவினர் வருவதுண்டு. வரட்டும், தேவையான ஆய்வுதான். ஆனால், "உங்க பெயரை எழுத மாட்டோம்" என்று சொன்னதோடு பொறுப்பு முடிந்ததாக நினைப்பதுதான் நான் பார்த்ததிலேயே பெரிய தவறு.

நம் கடலோர ஊர்கள் சின்னவை, நெருக்கமானவை. '52 வயது ஆண், விசைப்படகுத் தொழிலாளி, தைராய்டு புற்றுநோய்' என்று ஊர்ப் பெயரோடு அட்டவணையில் போட்டால், டீக்கடையில் இருப்பவரே ஆளைச் சொல்லிவிடுவார். அப்புறம் அந்த வீட்டுப் பெண்ணுக்கு வரன் பார்க்கும்போது அந்தப் பேச்சு வரும். ஊருக்குப் பதில் கல்குளம் தாலுகா என்று எழுதலாம். வயதை 50–59 என்று தொகுக்கலாம். ஆய்வுக்குத் தேவையில்லை என்றால் தொழிலை விட்டுவிடலாம். பெயருக்குப் பதில் எண் கொடுத்தாலும், எந்த எண் யாருடையது என்ற பட்டியல் இருக்கும்வரை ஆளைக் கண்டுபிடித்துவிட முடியும். அந்தப் பட்டியலைத் தனியாகப் பூட்டி வைக்க வேண்டும்.

அடுத்தது, பங்குத்தந்தையோ ஊர்க் கமிட்டியோ சரி சொன்னால் ஊரே சம்மதித்ததாக எடுத்துக்கொள்வது. அவர்களிடம் கேட்பது மரியாதை, பல நேரம் அவசியமும்கூட. ஆனால் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்) 2017 நெறிமுறைகளின்படி அது தனி ஆளின் சம்மதத்துக்கு ஈடாகாது. கணவர் தலையாட்டினால் மனைவி சம்மதித்ததாகவும் ஆகாது. வாசிக்கத் தெரியாதவர் கைரேகை வைக்கும்போது, ஆய்வுக் குழுவைச் சேராத ஒருவர் சாட்சியாகக் கூடவே இருக்க வேண்டும்.

2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஆய்வுக்கு விலக்கு தருகிறது என்று சிலர் நிம்மதியாக இருக்கிறார்கள். அந்த விலக்குக்கு நிபந்தனை உண்டு: அந்தத் தரவை வைத்து அந்த ஆளைப் பற்றி எந்த முடிவும் எடுக்கக் கூடாது, வகுத்த தரநிலைகளையும் பின்பற்ற வேண்டும். நோயாளியின் சீட்டைப் படம் பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போட அது அனுமதி இல்லை.

புது மருந்துச் சோதனை என்றால் 2019-இன் புதிய மருந்துகள், மருத்துவச் சோதனைகள் விதிகளும் சேரும். சோதனையால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் பங்கேற்றவரின் உரிமை.

கையெழுத்துப் போடுகிறவர்களுக்கு ஒன்று: படிவத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். ஆய்வு முறையாக நடக்கிறதா என்று பார்க்கும் நெறிமுறைக் குழுவின் தொடர்பு எண் அதில் இருக்க வேண்டும். பாதியில் விலகினாலும் உங்கள் வழக்கமான சிகிச்சையை யாரும் நிறுத்தக் கூடாது.