விர்ச்சுவல் மெஷினை வேறு மென்பொருளுக்கு மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மார்த்தாண்டம், கருங்கல் பக்கத்து முந்திரி ஆலை ஒன்றின் அலுவலகத்தில் பழைய விண்டோஸும் கணக்கு மென்பொருளான டாலியும் ஒரு விர்ச்சுவல் மெஷினுக்குள், அதாவது கணினிக்குள் மென்பொருளாகவே ஓடும் இன்னொரு கணினிக்குள், ஓடுகின்றன என்று வையுங்கள். இப்படிப்பட்ட மெஷின்களை ஓட்டும் மென்பொருளைத் தரும் விஎம்வேர் நிறுவனத்தை 2023 நவம்பரில் வாங்கிய பிராட்காம், நிரந்தர லைசென்ஸ் விற்பதையும் நிறுத்திவிட்டது. அதன்பின், அதே வேலையைச் செய்யும் ப்ராக்ஸ்மாக்ஸுக்கோ ஹைப்பர்-வி-க்கோ போய்விடலாமா என்ற பேச்சு இப்படிப்பட்ட இடங்களிலும் வருகிறது. தாராளமாகப் போகலாம். மெஷினின் டிஸ்க் முழுவதும் அடங்கிய கோப்பை விஎம்வேரின் விஎம்டிகே வடிவிலிருந்து வேறு வடிவுக்கு மாற்ற ஒரே கட்டளை போதும். தவறுகள் பெரும்பாலும் அதற்கு முன்னாலேயே நடந்துவிடுகின்றன.

மோசமானது ஸ்னாப்ஷாட், அதாவது பிறகு திரும்பிவர வசதியாக மெஷினின் அந்த நேரத்து நிலையைப் பதிந்து வைப்பது. ஸ்னாப்ஷாட் எடுத்த நொடியில் மூல டிஸ்க் கோப்பு அப்படியே நின்றுவிடும். அதற்குப் பிறகு எழுதப்படுவதெல்லாம் தனியாக இன்னொரு கோப்பில் சேரும். மூலக் கோப்பை மட்டும் தூக்கிக்கொண்டு போனால் புதிய இடத்தில் விண்டோஸ் ஒழுங்காகவே திறக்கும், டாலியும் திறக்கும். ஆனால் ஸ்னாப்ஷாட் போன வருஷம் எடுத்ததென்றால், கடைசி பில்லும் போன வருஷத்துடையதாக இருக்கும். பிழைச் செய்தி எதுவும் வராது என்பதுதான் இதில் ஆபத்து. ஆகவே, ஸ்னாப்ஷாட்களை முதலில் மென்பொருளின் மெனு வழியாகவே டெலீட் செய்யுங்கள். பெயர் பயமுறுத்தினாலும் அங்கே நடப்பது அந்தத் தனிக் கோப்பை மூலக் கோப்போடு இணைப்பதுதான், தரவு போகாது. கோப்புறைக்குள் போய்க் கையால் கோப்பை அழித்தால்தான் போகும். இணைப்பு முடிய நேரம் ஆகும். ஐப்பசி மாதத்தில் இடி இடித்துக் கரண்ட் போகிற சாயங்காலமாகப் பார்த்து, யுபிஎஸ் இல்லாமல் இதைத் தொடங்க வேண்டாம்.

விஎம்வேரின் சர்வர் மென்பொருளான இஎஸ்எக்ஸ்ஐ-யிலிருந்து எடுப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. டிஸ்க் இரண்டு கோப்புகளாக இருக்கும். சின்னது வெறும் விவரக் குறிப்பு. பெயரில் ‘ஃபிளாட்’ என்று வரும் பெரியதில்தான் தரவு. இரண்டும் வேண்டும். பென் டிரைவ் ஃபேட்32 என்ற பழைய வடிவில் ஃபார்மட் செய்யப்பட்டிருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு அதில் ஏறாது.

மெஷினை சஸ்பெண்டில் விடாமல் முழுதாக அணைக்க வேண்டும். விண்டோஸின் வழக்கமான ஷட் டவுன்கூட பல நேரம் பாதி உறக்கம்தான். ஷிஃப்டை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுங்கள். அதற்கு முன்பே, விண்டோஸுக்குள் விஎம்வேர் நிறுவும் துணை மென்பொருளான விஎம்வேர் டூல்ஸை நீக்கிவிடுங்கள். புதிய இடத்துக்குப் போனபின் நீக்கப் பார்த்தால், ‘இது விஎம்வேர் மெஷின் இல்லையே’ என்று அது முரண்டு பிடிக்கும். நெட்வொர்க் முகவரிகளான ஐபி, கேட்வே, டிஎன்எஸ் மூன்றையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள், புதிய நெட்வொர்க் கார்டுக்கு அவை தானாக வராது. டிஸ்க்கைப் பூட்டும் பிட்லாக்கர் இருந்தால் ரெக்கவரி கீ கையில் இருக்க வேண்டும். டாலி லைசென்ஸ் கணினியோடு கட்டப்பட்டது, பழைய மெஷினிலேயே அதை சரண்டர் செய்து விடுவித்துவிடுவது நல்லது.

அப்புறம் பூட். மெஷினைக் கிளப்பும் முறை இரண்டு: பழைய பயாஸ், புதிய யூஇஎஃப்ஐ. பழைய மெஷின் இதில் எது என்று பார்க்காமல் புதியதை உருவாக்கினால் டிஸ்க் நன்றாக இருந்தும் கிளம்பாது. ஹைப்பர்-வியில் பயாஸுக்கு ஜெனரேஷன் 1, யூஇஎஃப்ஐக்கு ஜெனரேஷன் 2. உருவாக்கிய பின் மாற்ற வழியில்லை. ப்ராக்ஸ்மாக்ஸில் வேகத்துக்கு ஆசைப்பட்டு எடுத்த எடுப்பிலேயே டிஸ்க்குக்கு விர்ட்ஐஓ என்ற வேகமான இணைப்பு வகையைத் தேர்ந்தெடுத்தால், டிரைவர் இல்லாத விண்டோஸ் ‘இன்அக்செசிபிள் பூட் டிவைஸ்’ என்று நீலத்திரை காட்டும். டிஸ்க்கை முதலில், விண்டோஸுக்கு ஏற்கெனவே தெரிந்த சாட்டா வகையில் மாட்டுங்கள். கூடவே 1 ஜிபி வெற்று டிஸ்க் ஒன்றை விர்ட்ஐஓ-வில் சேர்த்து, விண்டோஸுக்குள் டிரைவரை நிறுவுங்கள். பிறகு அணைத்து, முக்கிய டிஸ்க்கையும் விர்ட்ஐஓ-வுக்கு மாற்றி, பூட் வரிசையில் அதை முதலில் வையுங்கள். லினக்ஸில் இந்தத் தொல்லை குறைவு. ஆனால் நெட்வொர்க் கார்டின் பெயர் மாறும்: விஎம்வேரில் இஎன்எஸ்33 என்றிருந்தது, விர்ச்சுவல்பாக்ஸ் என்ற இன்னொரு மென்பொருளுக்குப் போனால் இஎன்பி0எஸ்3 ஆகிவிடும், பழைய பெயரில் எழுதிய அமைப்பு வேலை செய்யாது.

எல்லாம் ஓடத் தொடங்கியதும் பழையதையும் சேர்த்து ஆன் செய்து ஒப்பிட்டுப் பார்க்கும் சபலம் வரும். ஒரே ஐபியில் இரண்டு மெஷின் மோதும்; அதைவிடக் கொடுமை, பில் போடுகிற பையன் பாதியை இதிலும் பாதியை அதிலும் போட்டுவிடுவான். பழையதைத் திறந்தே ஆக வேண்டுமென்றால் நெட்வொர்க்கைத் துண்டித்துவிட்டுத் திறங்கள். அடுத்த ஜிஎஸ்டி தாக்கல் புதிய மெஷினிலிருந்து முடியும்வரை பழையதை அழிக்க வேண்டாம்.