வேலி பேட்டரி சோலாரில் நிரம்ப எவ்வளவு நேரம் ஆகும்?

அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை பக்கம் காட்டை ஒட்டி ராகிக் கொல்லை வைத்திருப்பவர்கள் சோலார் வேலி போட்டதும் கேட்பது, "காலையில வெயில் வந்தா மத்தியானத்துக்குள்ள பேட்டரி ஃபுல் ஆயிடுமா?" என்றுதான். ஆகாது. சரி, கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம். பேட்டரி 12 வோல்ட், 75 ஆம்பியர் ஹவர், லெட் ஆசிட். பேனல் 100 வாட்.

படி 1: பேட்டரியின் பசி

12 × 75 = 900 வாட் ஹவர். பாதிக்குக் கீழே இறங்க விட்டால் ஆயுள் குறையும் என்பதால், பாதி தீர்ந்திருப்பதாக வைத்துக்கொள்வோம்: 450. ஏற்றும்போது ஐந்தில் ஒரு பங்கு வீணாகும். 450 ÷ 0.8 = சுமார் 560.

படி 2: பேனல் நிஜமாகத் தருவது

பலர் ஏமாறும் இடம் இது. பேனலின் முதுகில் ஒட்டிய ஸ்டிக்கரில் 18 வோல்ட், 5.5 ஆம்பியர் என்பது போல இருக்கும். பெருக்கினால் கிட்டத்தட்ட 100 வாட். ஆனால் பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவே சார்ஜைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரில் விலை குறைந்த பிடபிள்யூஎம் வகை, பேனலைப் பேட்டரியின் 13 வோல்ட்டுக்கே இழுத்துவிடும், ஆம்பியர் மாறாது. ஆக, 70 வாட்தான் கிடைக்கும். கூடுதல் வோல்ட்டை வீணாக்காமல் ஆம்பியராக மாற்றித் தரும் எம்பிபிடி கன்ட்ரோலர் என்றால் 80 என்று போடலாம். மீதியைப் பேனலின் சூடு தின்றுவிடும். கல் குவாரி பக்கத்தில் இருந்தால் தூசியைத் துடைக்காமல் எந்தக் கணக்கும் செல்லாது.

படி 3: வெயில் மணி

560 ÷ 70 = 8 மணி. இது உச்சி வெயில் மணி. நாள் முழுக்க வெளிச்சம் இருந்தாலும், நம் பக்கம் தெளிவான நாளில் உச்சி வெயிலுக்குச் சமமாகத் தேறுவது சுமார் 5 மணிதான். அதுவும் பேனல் தெற்குப் பார்த்து 12 டிகிரி சாய்ந்து, மேலே மர நிழல் விழாமல் இருந்தால். எப்படியும் ஒன்றரை நாள் ஆகிவிடும்.

படி 4: இரவுச் செலவு

கம்பிக்கு ஷாக் அனுப்பும் வேலி மிஷின் 5 வாட் என்றால் 12 மணி நேரத்துக்கு 60. பகலில் பேட்டரியில் தங்குவது 70 × 5 × 0.8 = 280. இரவு போக மிச்சம் 220. ஆகவே 450 நிரம்ப இரண்டு நாள். ஐப்பசி மூடாப்பில் வெயில் 2 மணியாகச் சுருங்கினால் மிச்சம் வெறும் 52; அதே 450க்கு எட்டு ஒன்பது நாள்! பேனல் வாங்கும்போது இந்த அடைமழைக் கணக்கைத்தான் பார்க்க வேண்டும். பேட்டரி ஏறவில்லை என்று வீட்டுக் கரண்டை நேராக வேலிக் கம்பியில் கொடுக்கும் யோசனை மட்டும் வேண்டாம். 2023 மார்ச்சில் மாரண்டஅள்ளி அருகே 3 யானைகள் செத்தது அப்படிப்பட்ட வேலியில்தான்.

கடைசி 20 சதவீதம் மெதுவாகத்தான் ஏறும், கன்ட்ரோலரே கரண்டைக் குறைத்துவிடும். நிறைந்ததா என்று பார்க்க, பேனலையும் மிஷினையும் கழற்றிச் சில மணி நேரம் விட்டு மல்டிமீட்டர் வையுங்கள், 12.6, 12.7 காட்டினால் ஃபுல்.