பாலியல் வன்முறை பற்றிப் பாட்டு நிகழ்ச்சியா? இந்தத் தவறுகளைத் தவிர்த்துவிடுங்கள்

காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ பாலியல் வன்முறைக்கு எதிராகப் பாட்டு நிகழ்ச்சி போடலாமா என்று யாராவது யோசனை கேட்டால், பாட்டுப் பட்டியலைப் பார்ப்பதற்கு முன் நான் ஒன்று கேட்பேன். நிகழ்ச்சி முடிந்து நாற்காலி அடுக்கும்போது ஒரு பெண் பக்கத்தில் வந்து, “எனக்கும் இப்படி நடந்திருக்கு” என்று சொன்னால் என்ன செய்வீர்கள்? பெரும்பாலும் பதில் வராது. மேடை, பேனர், விருந்தினர், டிபன் எல்லாவற்றுக்கும் ஆள் போட்டிருப்பார்கள். இதற்கு மட்டும் ஆள் இருக்காது.

பாதிக்கப்பட்டவர் எங்கோ செய்தித்தாளில் இருக்கிறார், கேட்க வந்திருப்பவர்களுக்கு நாம் விழிப்புணர்வு கொடுக்கிறோம் என்ற நினைப்பில்தான் முக்கால்வாசித் தவறுகள் நடக்கின்றன. அவர் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள். பாட்டு, விளக்கு, பேச்சு எல்லாமே வேறு மாதிரி அமையும்.

முதல் தவறு, “பேரை மாத்திட்டோம், போதும்” என்பது. நம் பக்கத்தில் ஒருவரை அடையாளம் காணப் பெயரா வேண்டும்? எந்த ஊர், எந்தக் கோயில், யார் வீட்டுப் பிள்ளை என்று மூன்று கேள்வியில் ஆளைப் பிடித்துவிடுவார்கள். “பக்கத்து ஊர்ல, ஒன்பதாவது படிக்கிற பொண்ணு, அப்பா மலேசியாவுல” என்று தொகுப்பாளர் சொன்னாலே அரங்கத்தில் பாதிப் பேருக்குத் தெரிந்துவிடும். இது சட்டப்படியும் குற்றம். நாட்டின் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-ஆம் பிரிவில், பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிட்டால் இரண்டு ஆண்டு வரை சிறை. குழந்தையாக இருந்தால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 23-ஆம் பிரிவு இன்னும் கறார்: பெயர், படம் மட்டுமல்ல, பள்ளி, குடும்பம், வசிக்கும் பகுதி எதுவும் வெளியே வரக் கூடாது. இறந்துபோனவருக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே பழைய வழக்கு ஒன்றை எடுத்து, அந்தப் பெண்ணின் படத்தை ஃப்ளெக்ஸில் போட்டு அஞ்சலி செலுத்துவதும் வேண்டாம்.

வயது வந்த பெண் தானே முன்வந்து பேசுவது வேறு விஷயம். அதற்குத் தடை இல்லை. எழுத்தில் சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள், மேடை ஏறும் நிமிடம் வரை அவர் மனம் மாறலாம் என்பதையும் ஏற்றுக்கொள்ளுங்கள். தவறு எங்கே வருகிறது என்றால், நிகழ்ச்சிக்கு ‘கனம்’ வேண்டும் என்று யாரையாவது தேடிப் போய்க் கூட்டி வந்து, மேடையில் பொன்னாடை போர்த்தி, அழ வைத்து, அதை ஃபேஸ்புக் லைவில் போடுவதில். அவர் அழவில்லை என்றால் சிலருக்கு ஏமாற்றம்கூட வருகிறது. கேமரா கேட்பவர்கள் பக்கம் திரும்பவே கூடாது என்று வீடியோகாரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கண்ணைத் துடைக்கும் ஒரு முகம் அரை நிமிடம் லைவில் வந்தால், மறுநாள் கடைத்தெருவில் அதுதான் பேச்சு.

இனி பாட்டு. இதில்தான் நல்ல மனசுக்காரர்களே சறுக்குகிறார்கள். உருக்கமாக இருக்கும் என்று ஒப்பாரி மெட்டை எடுப்பார்கள். ஒப்பாரி செத்தவருக்குப் பாடுவது. உயிரோடு, அடுத்த வாரம் பரீட்சை எழுதப் போகிற ஒரு பெண்ணுக்காக அந்த மெட்டில் பாடினால், அவள் வாழ்க்கை முடிந்துவிட்டது என்று ஊரே கூடி அறிவிப்பதுபோல் ஆகிவிடும். கசங்கிய பூ, உடைந்த கண்ணாடி என்ற உவமைகளும் இதே ரகம்தான்.

என் கட்சி கும்மி. முளைப்பாரிக் காலத்தில் நம் ஊர்ப் பெண்களுக்குக் கைவந்த வடிவம். ஒருத்தி அடி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் வாங்கிப் பாட, எல்லார் கையும் ஒரே தாளத்தில் விழும். தனியாக ஒரு பெண்ணை நடுவில் நிறுத்தி யாரும் பரிதாபப்பட வேண்டியதில்லை. உள்ளடக்கத்தையும் அப்படியே திருப்பிவிடலாம்: அவள் எங்கே போனாள், என்ன உடுத்தினாள் என்பதை விட்டுவிட்டு, செய்தவனையும் மூடி மறைத்தவர்களையும் கேள்வி கேட்கட்டும். 2019 நவம்பரில் சிலி நாட்டில் லாஸ்டெசிஸ் என்ற பெண்கள் குழு கண்ணைக் கட்டிக்கொண்டு தெருவில் ஆடிப் பாடியது இதைத்தான். காவல்துறை, நீதிபதி, அரசு என்று விரல் நீட்டினார்கள். சில வாரங்களில் பல நாடுகளில் பெண்கள் அதைத் தங்கள் மொழியில் பாடினார்கள்.

இவ்வளவும் பார்த்துச் செய்துவிட்டு மைக் செட்காரரை மறந்துவிடுவோம். நிகழ்ச்சி ஆரம்பிக்கும்வரை அவர் தன் பென்டிரைவில் இருப்பதைப் போட்டுக்கொண்டிருப்பார். வேண்டாம் என்று சொன்ன பெண்ணைத் துரத்தித் துரத்திக் காதலிக்கும் பாட்டு கணீரென்று ஒலிக்க, கீழே ‘வேண்டாம் என்றால் வேண்டாம்’ என்று பேனர் தொங்கும். ஒரு மணி நேரத்துக்கான பாட்டை நீங்களே கொடுத்துவிடுங்கள்.

சிறப்பு விருந்தினருக்கும் இதே கதை. “பெண் பிள்ளைகள் ஜாக்கிரதையா இருக்கணும், நேரத்தோட வீட்டுக்கு வரணும்” என்று ஒருவர் பேசிவிட்டால், நீங்கள் இரண்டு மணி நேரம் பாடியது வீண். அவருக்கு மூன்று நிமிடம், எழுதிய குறிப்பு. முடியாது என்பவரை அழைக்க வேண்டாம். பாடகர், வாத்தியக்காரர் பற்றியும் விசாரியுங்கள். 2018-ல் கலைஞர்கள் மீது பாலியல் தொல்லைப் புகார்கள் கிளம்பியபோது சென்னை மியூசிக் அகாடமி டிசம்பர் சீசனிலிருந்து ஏழு கலைஞர்களை நீக்கியது. அவ்வளவு பெரிய சபா செய்யலாம் என்றால் நாமும் செய்யலாம்.

இடம் பற்றி ஒன்று. பழைய செட்டிநாட்டு வீட்டின் வளவில், அதாவது நடு முற்றத்தில், நடத்தினால் பார்க்க அழகுதான். ஆனால் எல்லாரும் முகப்பு வழியாகத்தான் போக வேண்டும் என்று வைக்காதீர்கள். இந்த வீடுகள் பலவும் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகின்றன. பின்கட்டுக் கதவைத் திறந்து வையுங்கள். நடுவில் எழுந்து போக நினைப்பவர் நூறு பேரைத் தாண்டிப் போக வேண்டியிருக்காது. என்ன பாடப்போகிறோம் என்பதையும் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள். திடீரென்று விளக்கை அணைப்பது, அலறல் சத்தம் போடுவது எல்லாம் வேண்டாம்.

சரி, அந்தப் பெண் வந்து சொல்லிவிட்டாள். இப்போது செய்யும் தவறுகள்தான் பெரியவை. “ஏன் அப்பவே சொல்லலை?” என்று கேட்பது ஒன்று. “யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்” என்று சத்தியம் செய்வது இன்னொன்று. பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் அந்த வாக்கைக் காப்பாற்ற முடியாது. போக்சோ 19-ஆம் பிரிவின்படி தெரிந்தவர் யாரானாலும் காவல்துறையிடம் தெரிவித்தாக வேண்டும். அதைக் குழந்தையிடம் மென்மையாக, ஆனால் மறைக்காமல் சொல்ல வேண்டும். வயது வந்தவரென்றால் புகார் கொடுப்பதா வேண்டாமா என்பது அவர் முடிவு. கையைப் பிடித்து ஸ்டேஷனுக்கு இழுக்காதீர்கள். அண்மையில் நடந்திருந்தால் 72 மணி நேரக் கணக்கு முக்கியம்: அவசரக் கருத்தடை மாத்திரையும் எச்.ஐ.வி. தடுப்பு மருந்தும் அதற்குள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு சீக்கிரம் தொடங்க வேண்டும். அரசு மருத்துவமனை, தனியார் மருத்துவமனை எதுவானாலும் இலவசமாக உடனே சிகிச்சை தரவேண்டும் என்பது சட்டம். மருத்துவமனை காவல்துறைக்குத் தகவல் தரும் என்பதையும் அவருக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

அமெரிக்கப் பாடகி டோரி ஏமஸ் தனக்கு நேர்ந்ததைத் தானே பாட்டாக்கிப் பாடியவர். 1994-ல் பாலியல் வன்முறைக்கு எதிரான ரெயின் (RAINN) அமைப்பு அங்கே உதவித் தொலைபேசியைத் தொடங்கியபோது, முதல் அழைப்பை எடுத்துத் தொடங்கி வைத்ததும் அவர்தான். பாட்டும் தொலைபேசி எண்ணும் ஒன்றாகப் போனால்தான் பயன். நம் மேடையில் பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098, இலவச சட்ட உதவிக்கு 15100 என்பதைப் பெரிதாக எழுதி வையுங்கள். கழிப்பறைக் கதவின் உள்பக்கமும் ஒட்டுங்கள். அங்கேதான் யாரும் பார்க்காமல் குறித்துக்கொள்ள முடியும். செட்டிநாடு சிவகங்கை, புதுக்கோட்டை என இரண்டு மாவட்டத்தில் கிடக்கிறது. நிகழ்ச்சி எந்தப் பக்கமோ வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உதவும் அரசு மையமான ஒன் ஸ்டாப் சென்டரின் அந்த மாவட்டத்து எண்ணைப் போட்டு, அச்சடிக்கும் முன் ஒரு தடவை கூப்பிட்டு யாராவது எடுக்கிறார்களா என்று பாருங்கள். பலர் அன்றைக்குப் பேச மாட்டார்கள், பல நாள் கழித்துத்தான் கூப்பிடுவார்கள். அதனால் அமைப்பாளரின் சொந்த செல் நம்பரை நோட்டீசில் போடாதீர்கள். அவர் கல்யாண வீட்டில் இருக்கும்போது அந்த அழைப்பு வரும்.