ஓடி ஓடி உழைக்கிற ஸ்ட்ரைக்கர் சான்ஸை விட்டா நாம பண்ற தப்புங்க

தஞ்சாவூர் பக்கம் எங்க ஊர்ல தை அறுப்பு முடிஞ்சு, உளுந்து தெளிக்காம விட்ட வயலா பாத்து வரப்பை சமன்பண்ணி போஸ்ட்டு நட்டுட்டா அப்புறம் ஒரு மாசத்துக்கு டீமுக்கு ஏழு பேர் ஆடுற செவன்ஸ் ஃபுட்பால்தான், வேற பேச்சே கிடையாது. போன வருஷம் செமிஃபைனல்ல எங்க ஃபார்வர்ட் பையன், 19 வயசு, மூணு சான்ஸை விட்டான். ஒரு கோல் வித்தியாசத்துல தோத்துட்டோம். திரும்பி வரும்போது டீக்கடையில எல்லாரும் சொன்னது ஒண்ணேதான், "அவனை தூக்கிடுண்ணே". டீம் லிஸ்ட் எழுதுறவன் நான்ங்கறதால அன்னைக்கு ராத்திரி ரொம்ப நேரம் அதையே யோசிச்சிட்டு இருந்தேன். இந்த மாதிரி ஒரு ஆளை எடை போடுறப்ப நாம என்னென்ன தப்பு பண்றோம்னு எனக்கு புரிஞ்சதை எழுதுறேன், நீங்களும் உங்க ஊர் டீம்ல இப்படி ஒரு பையனை வச்சிருப்பீங்க.

முதல் தப்பு, மிஸ்ஸை மட்டும் எண்ணுறது. 2023-24 இங்கிலாந்து பிரீமியர் லீக்ல மான்செஸ்டர் சிட்டியோட ஹாலண்ட் 27 கோல் அடிச்சு, அதிக கோலுக்கான கோல்டன் பூட் வாங்குனாரு. அதே சீசன்ல கோலாகியிருக்க வேண்டிய பெரிய சான்ஸை அதிகமா விட்டதும் அவருதான், 34. எல்லாரும் கிண்டல் பண்ண லிவர்பூல் டார்வின் நூனியஸ் விட்டது 27. இதுல என்ன தெரியுதுன்னா, சான்ஸை விடணும்னா முதல்ல அந்த இடத்துல நிக்கணும். சரியான நேரத்துக்கு எதிரணி பேக்கை, அதாவது தடுக்குற ஆளை விட்டு விலகி, பந்து எங்க விழும்னு முன்கூட்டியே ஓடுனவனுக்குத்தான் அந்த சான்ஸே வரும், ஓரமா நின்னவன் கணக்குல மிஸ்ஸே இருக்காது. அதுக்காக நூனியஸ் ஃபினிஷிங்ல குறையே இல்லன்னு நான் சொல்லல, அந்த சீசன்ல லீக்ல 11 கோல்தான், குறை இருந்துச்சு. ஆனா அதே சீசன்ல 8 அசிஸ்ட்டும், அதாவது அடுத்தவன் கோல் அடிக்க பந்து குடுத்ததும் இருக்கு, அதையும் சேத்து பாக்காம மிஸ் வீடியோவை மட்டும் வாட்ஸ்அப்ல சுத்த விட்டா அது நியாயம் இல்ல.

அடுத்தது, எல்லா சான்ஸையும் ஒரே மாதிரி பாக்கறது. டிவில எக்ஸ்ஜின்னு (எதிர்பார்க்குற கோல்) ஒரு நம்பர் காட்டுறாங்கல்ல, அது ஒண்ணும் பெரிய மந்திரம் இல்ல, இதே மாதிரி இடத்துல இருந்து இதே மாதிரி வந்த பந்தை முன்னாடி ஆயிரக்கணக்கான பேரு அடிச்சப்ப எத்தனை உள்ள போச்சுங்கற கணக்குதான். பெனால்டின்னா நாலுல மூணு உள்ள போகும், பாக்ஸுக்கு வெளிய இருந்து அடிச்சா நூத்துக்கு ஏதோ கொஞ்சம்தான். பெரிய சான்ஸ்னு சொல்றதுலயே பாதிக்கு மேல உள்ள போறதில்ல. நம்ம கிரவுண்டுல இன்னும் மோசம், நேத்து வரைக்கும் நெல் நின்ன வயல், அறுத்த தாள் கட்டை மேல பட்டு பந்து முழங்கால் உயரத்துக்கு எகிறும், செவன்ஸ் போஸ்ட்டும் 24 அடி அகலம் 8 அடி உயரம் உள்ள பெரிய போஸ்ட்டு கிடையாது, சின்னது. அதுல கோலி ரெண்டு கையை விரிச்சு நின்னா எவ்வளவு இடம் மிச்சம் இருக்கும்னு போஸ்ட்டு பின்னாடி நின்னு கத்துறவங்களுக்கு தெரியாது, ஒரு தடவை உள்ள இறங்கி நின்னு பாக்கணும்.

ஒரு மேட்ச்சை வச்சு முடிவு பண்றதும் தப்புதான். மேட்டூர் தண்ணி லேட்டா வந்த வருஷத்து குறுவையை வச்சு நிலமே சரியில்லன்னு நம்மூர்ல யாரும் சொல்ல மாட்டாங்க, ஆனா ஒரு சாயங்காலத்தை வச்சு ஒரு பையனை முடிச்சுவிட்டுடுறோம். சும்மா ஒரு கணக்கு போட்டு பாருங்க, நூத்துக்கு 30 தடவை கோலாகுற மாதிரி சான்ஸ் ஒருத்தனுக்கு 10 வருதுன்னா சராசரியா 3 கோல் வரணும். ஆனா எந்த குறையும் இல்லாத அதே ஆளுக்கு அந்த 10ல ஒரே ஒரு கோலோ இல்ல ஒண்ணுமே இல்லாமலோ போறதுக்கு ஏழுல ஒரு பங்கு வாய்ப்பு இருக்கு. அது அவன் திறமை குறைஞ்சதால இல்ல, அப்படியே அமையுறது. 1999ல தென் அமெரிக்க நாடுகள் ஆடுற கோபா அமெரிக்கால அர்ஜென்டினா ஸ்ட்ரைக்கர் மார்ட்டின் பலேர்மோ கொலம்பியாவுக்கு எதிரா ஒரே மேட்ச்ல மூணு பெனால்டியை விட்டாரு, 3-0ன்னு தோத்தாங்க. அதோட அவரை முடிச்சிருந்தா? பின்னாடி போகா ஜூனியர்ஸ் கிளப் வரலாத்துலயே அதிக கோல் அடிச்ச ஆளு அவருதான், 2010 உலகக் கோப்பைல 36 வயசுல இறங்கி கிரீஸுக்கு எதிரா கோலும் அடிச்சாரு.

கோல் மட்டும்தான் ஸ்ட்ரைக்கர் வேலைன்னு நினைக்கிறதும் தப்பு, அதுக்கு ஒரே உதாரணம் போதும், 2018 உலகக் கோப்பை ஜெயிச்ச பிரான்ஸ் டீம்ல ஜிரூ 7 மேட்ச் ஆடி ஒரு ஷாட் கூட போஸ்ட்டுக்கு நேரா அடிக்கல. ஆனா கோச் தெஷாம் அவரை டீம்ல இருந்து தூக்கல, ஏன்னா எதிரணி பேக்கை ரெண்டு பேரை அவரு கட்டி இழுத்து வச்சாதான் எம்பாப்பேக்கும் கிரீஸ்மனுக்கும் இடம் கிடைக்கும். அதே ஜிரூ 2022ல பிரான்ஸுக்காக 52வது கோல் அடிச்சு, அதுவரைக்கும் பிரான்ஸ் ரெக்கார்டா இருந்த ஹென்றியோட 51ஐ தாண்டுனாரு.

இப்ப எனக்கு ரொம்ப முக்கியமா படுறதுக்கு வரேன். இதுக்கு நேர் எதிரா ஒரு தப்பு இருக்கு, அதை நல்ல மனசுக்காரங்கதான் பண்றோம், நானே பண்ணேன். "பாவம், எப்படி ஓடுறான் பாரு, விடுங்கப்பா"ன்னு ஓட்டத்தையே ஒரு மார்க்கா போட்டுடுறது. அந்த செமிஃபைனலுக்கு அப்புறம் பையனை தனியா கூப்பிட்டு, ஆத்தங்கரை படித்துறையில உக்காந்து கேட்டேன், ஏன்டா தம்பி கார்னர் கொடி வரைக்கும் பின்னாடி ஓடி வந்து பந்தை பிடுங்குற, அது பேக்கோட வேலை இல்லையான்னு. அவன் சொன்னான், "கோல்தான் வரல, ஓட்டமாச்சும் உங்க கண்ணுல படட்டும்னு ஓடுனேண்ணே, அதுவும் இல்லன்னா என்னைய எதுக்கு வச்சிருப்பீங்க." எனக்கு ஒரு நிமிஷம் பேச்சே வரல. சான்ஸை விட்டதுக்கு ஈடா அவன் இன்னும் ஓடுறான், அந்த ஓட்டத்துல கால் செத்துப்போய் பாக்ஸுக்குள்ள வரும்போது மூச்சு வாங்குது, ஊனுற கால் பந்துக்கு பின்னாடி விழுது, உடம்பு பின்னாடி சாயுது, பந்து கம்பிக்கு மேல பறக்குது. அப்புறம் அதுக்கு ஈடா இன்னும் ஓட்டம். நாம கத்துனாலும் அவன் ஓடுறான், நாம பாராட்டுனாலும் ஓடுறான், ரெண்டுலயும் அந்த ஷாட் சரியாகவே இல்ல.

அதனால ஓட்டத்தை பிரிச்சு பாக்கணும். கோலி பேக்குக்கு பந்தை உருட்டும்போது நேரா மோதாம வளைஞ்சு ஓடி, இன்னொரு பேக்குக்கு போற பாஸை முதுகால மறைச்சுகிட்டே நெருங்குனா அவன் வேற வழியில்லாம தூக்கி அடிப்பான், பந்து நம்ம மிட்ஃபீல்டுக்கு வந்துடும். அந்த பத்து பதினைஞ்சு அடி ஓட்டம் தங்கம், ஸ்கோர்ல வராது, அதுக்கு கை தட்டுங்க. ஆனா கிரவுண்டோட அந்த மூலையில இருந்து இந்த மூலைக்கு தனியா துரத்துறது டீமுக்கு எதுவும் தர்றதில்ல, அதை நிறுத்தச் சொல்றதுதான் அவனுக்கு நாம பண்ற உதவி.

இன்னொண்ணு, வெளிய இருந்து திட்டுறது. அடுத்த மேட்ச்லயே பாத்தேன், போஸ்ட்டு முன்னாடி எட்டடி தூரத்துல பந்து கால்ல கிடைச்சும் அடிக்காம பக்கத்துல நின்னவனுக்கு தள்ளிவிட்டான், அவன் காலுக்கு போகவே இல்ல. மேட்ச் முழுக்க ஒரு மிஸ் கூட கிடையாது, ஒரு ஷாட்டும் கிடையாது. "இன்னைக்கு தேவலாம்பா"ன்னாங்க. எனக்கு அதுதான் அவன் ஆடுன மோசமான மேட்ச். மிஸ் குறையுதுன்னா நல்லா அடிக்கிறானா இல்ல ஒளிஞ்சுக்கிறானான்னு பாக்காம சந்தோஷப்படக்கூடாது.

மிஸ்ஸுலயும் வகை இருக்கு. 2024 ஜனவரி 31 செல்சி மேட்ச்ல நூனியஸ் ஒரே ஆட்டத்துல நாலு தடவை போஸ்ட்டுலயும் பார்லயும் அடிச்சாரு, அதுல ஒண்ணு பெனால்டி. அது வேற, கோலி நல்லா பிடிச்சது வேற, ஃபர்ஸ்ட் டச் நீளமா போயி பேக் வந்து எடுத்தது வேற, அடிக்க வேண்டிய நேரத்துல ஒரு டச் கூட வச்சு கெடுத்தது வேற. ஒவ்வொண்ணுக்கும் பயிற்சியும் வேற. நான் இப்ப நோட்டுல ஒவ்வொரு சான்ஸுக்கும் மூணே விஷயம்தான் எழுதுறேன், எங்க இருந்து அடிச்சான், எதனால போச்சு, அதுக்கு முன்னாடி எவ்வளவு தூரம் ஓடி வந்தான். பத்து மேட்ச் எழுதுனதும் எங்க பையனுக்கு பிரச்சனை முக்கால்வாசி மூணாவதுலதான்னு பட்டவர்த்தனமா தெரிஞ்சுது. இப்ப ஃபினிஷிங் பயிற்சியை ஆரம்பத்துல வைக்கிறதில்ல, எல்லாம் ஓடி முடிச்சு கால் கனக்குற நேரத்துல கடைசி இருபது நிமிஷம் வைக்கிறோம், வேகமா அடிக்காதே, ஊனுற காலை பந்து பக்கத்துல வை, அவ்வளவுதான் சொல்றது.

எப்ப உக்கார வைப்பேன்னா, பதினஞ்சு இருபது மேட்ச் நோட்டு பாத்து, நல்ல இடத்துக்கு போறதே நின்னுபோச்சுன்னா. இல்ல, சொன்னதை மாத்திக்காம அதே தப்பை அதே மாதிரி பண்ணா. அப்பவும் அவன்கிட்ட முன்னாடியே நேர்ல சொல்லிடுவேன், லிஸ்ட் ஒட்டுன பிறகு கும்பலோட நின்னு தெரிஞ்சுக்கிற மாதிரி விடமாட்டேன். வர்ற ஞாயித்துக்கிழமை மேட்ச்சுக்கு 9ம் நம்பர்ல அவன் பேருதான் எழுதியிருக்கேன்.