ஒழுங்கை முனைச் சுப்பர் மார்க்கற்

யாழ்ப்பாணத்தில் இறங்கிய மறுநாளே, வெளிநாட்டில் இருந்து ஊருக்குப் போகும் நம்மில் பலர் வான் பிடித்து நகரத்தின் பெரிய கடைக்குப் போய், மூன்று கிழமைக்குத் தேவையான சாமானை ஒரேயடியாக அள்ளிக்கொண்டு வருகிறோம். முதல் இரண்டு பயணங்களிலும் நானும் அதைத்தான் செய்தேன். இப்போது சித்தி வீட்டு ஒழுங்கை முனையில் இருக்கும் சின்னச் சுப்பர் மார்க்கற்றிலேயே அநேகமாக எல்லாவற்றையும் வாங்குகிறேன். சித்திக்கு அங்கே கொப்பிக் கணக்கு இருக்கிறது, கடனுக்கு வாங்குவதைக் கொப்பியில் எழுதிவைத்துப் பிறகு கட்டுவார். மழை நாளில் பாணும், காய்ச்சல் நாளில் பனடோலும் வீட்டுக்குக் கொடுத்தனுப்புவது அந்தக் கடைதான். நாம் விமானம் ஏறிய பிறகும் சித்தி அங்கேதான் போகப் போகிறார். அதனால் அந்தக் கடையில் நாம் எப்படி நடந்துகொள்கிறோம் என்பது அவருடைய மரியாதையோடும் சேர்ந்த விஷயம்.

முதலில் காசு. கார்ட் மெஷின் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். இருந்தாலும் வெளிநாட்டுக் கார்ட்டை அது எடுக்காமல் போகலாம். காசு மாற்றும்போது எல்லாவற்றையும் 5000 ரூபாய்த் தாள்களாக வாங்கிவிட்டால் காலை வேளையில் சங்கடம்தான். 600 ரூபாய்ச் சாமானுக்கு அதை நீட்டினால் மிச்சம் தருவதற்காகக் கடைக்காரர் பக்கத்துக் கடைக்கு ஆளை அனுப்ப வேண்டியிருக்கும். 100, 500, 1000 தாள்களாகவும் கொஞ்சம் கேட்டு வாங்குங்கள். ஒன்று, இரண்டு ரூபாய் இல்லாதபோது மிச்சக் காசுக்குப் பதிலாக ரொபி தருவதும் உண்டு. அதைச் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்ளலாம். ஆனால் நூறு, இருநூறு ரூபாய் மிச்சத்தை “வைச்சிருங்கோ” என்று விட்டுவிட்டு வராதீர்கள். அடுத்த கிழமை சித்தி தன் மிச்சத்தை எண்ணி வாங்கும்போது அவருக்குத்தான் கூச்சமாக இருக்கும்.

விலையில் பேரம் இல்லை. பொதியில் அச்சிட்டிருக்கும் ஆகக்கூடிய சில்லறை விலையில் வரியும் அடக்கம். கனடாவில் போல கடைசியில் வரி வந்து சேராது. அந்த விலைக்கு மேல் விற்பது சட்டப்படி குற்றம். முறைப்பாடு செய்ய பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கம் இருக்கிறது. ஆனாலும் எடுத்தவுடனே அதைச் சுழற்ற வேண்டாம், பில்லைக் காட்டிக் கேட்டாலே பெரும்பாலும் சரியாகிவிடும். கருவாடு, முந்திரிப்பருப்பு போன்றவற்றின் விலை சில இடங்களில் 100 கிராமுக்கு எழுதியிருக்கும். கிலோ விலை என்று நினைத்து அள்ளிப் போட்டுவிடாதீர்கள். பைகளும் இப்போது இலவசம் இல்லை. 2025 நவம்பர் 1 முதல் பிடி வைத்த பொலித்தீன் பைக்குக் காசு எடுக்க வேண்டும், அது பில்லிலும் தெரிய வேண்டும். வீட்டில் தொங்கும் பனையோலைப் பையோ துணிப்பையோ கையோடு எடுத்துப் போங்கள். தோளில் பெரிய பை இருந்தால் வாசலிலேயே வைக்கச் சொல்வார்கள். எல்லாருக்கும் அதுதான் வழக்கம், உங்களைச் சந்தேகப்படுவதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

திகதியைப் பார்த்து வாங்குங்கள். பெரும்பாலும் நாள், மாதம், ஆண்டு என்ற ஒழுங்கில்தான் அடித்திருப்பார்கள். வட அமெரிக்காவில் இருந்து வருபவர்கள் மாதத்தை முதலில் வாசித்துத் தடுமாறுவதைக் கண்டிருக்கிறேன். வெயிலும் மின்வெட்டும் உள்ள ஊர் என்பதால் யோகட், சீஸ், ஐஸ்கிறீம் எடுக்கும்போது பெட்டி குளிர்ந்திருக்கிறதா என்று கையை வைத்துப் பாருங்கள். ஒருமுறை நான் வாங்கி வந்த பிஸ்கற் பக்கற் திகதி கடந்தது. கடையில் ஆள் குறைந்த நேரமாகப் பார்த்து, பில்லோடு போய்த் தணிந்த குரலில் சொன்னேன். உடனே மாற்றித் தந்தார்கள், மீதி இருந்தவற்றையும் தட்டில் இருந்து எடுத்துவிட்டார்கள். கூட்டத்தின் நடுவில் சத்தம் போட்டிருந்தால் அந்தச் சண்டை நான் போன பிறகும் அந்த ஒழுங்கையில் நின்றிருக்கும்.

அங்கே வேலை செய்கிற பிள்ளைகள் அக்கம்பக்கத்து வீட்டுப் பிள்ளைகள். “தங்கச்சி, குத்தரிசி எங்க இருக்கு?” என்று கேட்டால் எழுந்து வந்து எடுத்துத் தருவார்கள். கூட வரும் நம் பிள்ளைகளுக்கும் சீனி, பாண், சவர்க்காரம், கச்சான், மைசூர்ப் பருப்பு என்ற சொற்களைச் சொல்லிக்கொடுத்து, அவர்களையே கேட்கவிடுங்கள். என் மகள் ஊரில் தானாகப் பேசிய முதல் தமிழ் வசனம் அந்தக் கடையில்தான் வந்தது. பௌர்ணமி விடுமுறையான போயா தினத்தில் இறைச்சியும் மதுவும் விற்க மாட்டார்கள். விருந்து வைக்கிற எண்ணம் இருந்தால் கலண்டரைப் பார்த்துவிடுங்கள்.

திரும்பும்போது கொண்டுபோகும் சாமானை வாங்கும்போதுதான் கடை உண்மையில் சிறிது என்பது தெரியும். இருபது பக்கற் மிளகாய்த்தூளை ஒரே நாளில் தூக்கினால் அந்த ஒழுங்கைக்கே மிளகாய்த்தூள் இருக்காது. நாலைந்து நாள் முன்பே சொல்லிவைத்தால் எடுப்பித்துத் தருவார்கள். ஒடியல் மா, பனங்கட்டி இரண்டையும் நன்றாகக் காற்றுப் புகாமல் கட்டித் தரச் சொல்லுங்கள். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குப் போகிறவர்கள் இறைச்சியும் பால் பொருட்களும் வாங்க வேண்டாம், பயணப் பொதியில் அவற்றுக்கு அனுமதி இல்லை. கறிவேப்பிலைக்கும் மாம்பழத்துக்கும் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் கேட்பார்கள்.

இன்னொன்று, அந்தக் கொப்பி. போன முறை நான் சித்தியிடம் சொல்லாமலே அவருடைய கணக்கு முழுவதையும் கட்டிவிட்டேன். நல்லது செய்ததாகத்தான் நினைத்தேன். இரண்டு நாள் சித்தி என்னோடு சரியாகப் பேசவில்லை. தனக்கு எவ்வளவு கடன் இருக்கிறது என்று நான் கடைக்காரரிடம் கேட்டதுதான் அவருக்கு வலித்தது. உதவ விரும்பினால் வீட்டில் வைத்து அவரிடமே கேளுங்கள், காசை அவர் கையிலேயே கொடுங்கள். அவர் போய்க் கட்டட்டும். போகும்போது வெறும் சோடாப் போத்தல்களையும் கொடுத்துவிட்டால், போத்தல் காசைக் கணக்கில் கழித்துக்கொள்வார்கள்.